சாட்சி சொன்ன பதினோராம் நாள்

நான் கடைசியாகக் குடித்து நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. இருந்தும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. குடியால் இழந்தவற்றுக்கு நானே பொறுப்பு. அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை. விடுபட வேண்டும் என்று மெய்யாகவே விரும்பி, ஜெபித்து, உபவாசித்து, உதவி கேட்டு அலைந்தும் வீணாய்ப்போன மாதங்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆராதனையில் கடைசி வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் யார் கண்ணிலும் படாமல் வெளியேறிவிடும் ஒருவர் இதை வாசிக்கக்கூடும். நான் சுற்றிய சுற்றை அவர் சுற்ற வேண்டியதில்லை.

முதல் ஆண்டு முழுவதும் பொருத்தனைகளிலேயே போயிற்று. இரவில் வேதாகமத்தின்மேல் கைவைத்து, "இனி வாழ்நாளெல்லாம் தொடமாட்டேன், ஆண்டவரே" என்று அழுவேன். மறுநாள் மாலை ஏழு மணிக்குள் அந்த வாக்கு உடைந்திருக்கும். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று பவுல் ரோமர் ஏழாம் அதிகாரத்தில் எழுதியது எனக்காகவே என்று எண்ணி, அதில் ஒருவித ஆறுதலும் தேடிக்கொண்டேன். அந்த அதிகாரத்தோடு வேதாகமத்தை மூடிவிடுவேன். எட்டாம் அதிகாரத்துக்குள் போனதில்லை. அந்தப் பொருத்தனைகளில் இருந்த குறை எனக்குப் புலப்பட நெடுநாள் ஆயிற்று. அவை ஒவ்வொன்றும் தேவனுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தவையாக இருந்தன. உடைந்தால் ஏன் என்று கேட்க ஒரு மனிதரும் இல்லை. அந்த அந்தரங்கத்தைப் பக்தி என்று நினைத்திருந்தேன், அதற்குள் வசதியாக ஒளிந்துகொண்டும் இருந்தேன். "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்று யாக்கோபு எழுதியதை எத்தனையோ முறை வாசித்திருந்தும், "ஒருவருக்கொருவர்" என்ற சொல் என் கண்ணில் நின்றதே இல்லை.

அந்தச் சொல் கண்ணில் நின்றபோது, தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் சபையில் மதிப்புள்ள ஒரு மூப்பர். நான் பேசப் பேசக் கண்கலங்கிக் கேட்டார், கையைப் பிடித்து ஜெபித்தார். அந்த வாரமே ஜெபக்குழுவில் என் காரியத்தை விண்ணப்பமாக வைத்துவிட்டார். பெயரைச் சொல்லவில்லையாம், ஆனால் வயது, வேலை, எத்தனை பிள்ளைகள் என்பது வரை சொன்ன பிறகு பெயர் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் என் மனைவியைத் தனியே அழைத்து ஆறுதல் கூறினார்கள். அவள் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் ஐந்து மாதம் நான் ஆலயப் படியை மிதிக்கவில்லை, குடியும் கூடிற்று. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் கூறமாட்டேன். ஆயினும் ஒருவர் நம்பிச் சொன்ன குற்றம் ஜெபக்குறிப்பாக மாறுவதற்கு அந்த ஒருவரின் சம்மதம் வேண்டும் என்பது சபையில் பொறுப்பு வகிக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனம் திறக்கும் முன் நீங்களே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்வது உங்களோடு நிற்குமா? உங்கள் வீட்டாரிடமும் சொல்லாமல் இருப்பீர்களா?" கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பதில் வரச் சற்றுத் தாமதித்தாலும், வேறு பேச்சுப் பேசிவிட்டு எழுந்துவிடுவது நல்லது.

அடுத்த பிழை உயிரையே வாங்கியிருக்கும். மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தால் கட்டு அறுந்துவிடும் என்று நம்பிக்கையோடு சொன்னார்கள். நானும் நம்பிக்கையோடு போனேன். நாளொன்றுக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அநேகமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் குடித்துப் பழகிய உடல் அது. முதல் இரவு உடையெல்லாம் நனையும்படி வியர்த்தது. இரண்டாம் நாள் வேதாகமத்தைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கிற்று. அன்று மாலை சுவரில் ஏதேதோ ஊர்வதைக் கண்டு அலறினேன். சுற்றியிருந்தவர்கள் அசுத்த ஆவி விலகுகிறது என்று தீர்மானித்து இன்னும் உரக்க ஜெபித்தார்கள். நானும் அப்படியே நம்பினேன். பின்னாளில் மருத்துவர் சொல்லித்தான் விளங்கிற்று: நெடுங்காலம் தினமும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும், இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாள் வரையிலான காலத்தில் கடுமையான மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றக்கூடும், சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோகிறவர்களும் உண்டு. நானோ அதே நாட்களில் உணவையும் நிறுத்தியிருந்தேன். ஆகவே வற்புறுத்திச் சொல்கிறேன்: தினமும் குடிக்கிறவர் எவரானாலும், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை விசுவாசக் குறைவு என்று யாரேனும் சொன்னால், பவுலோடு பயணம் செய்த லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் நிருபம் அழைப்பதை நினைவூட்டுங்கள்.

மூன்றாம் நாள் நடுக்கம் தணிந்தது. அது விடுதலை என்று முடிவாயிற்று. அந்த ஞாயிறே என்னை மேடையேற்றினார்கள். ஒலிபெருக்கியின் முன் நின்று, ஆண்டவர் என்னை ஒரே நாளில் மாற்றிவிட்டார் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். பதினோராம் நாள் மாலை குடித்தேன். வனாந்தரச் சோதனை முடிந்தபோது பிசாசு இயேசுவை விட்டு விலகினதைச் சொல்லும் லூக்கா, "சிலகாலம்" என்ற ஒரு சொல்லை அங்கே சேர்த்திருக்கிறார். அது எனக்கு அன்று விளங்கிற்று. விழுந்ததைவிடக் கொடியது, விழுந்ததை இனி ஒருவரிடமும் சொல்ல முடியாமற்போனதே. என் சாட்சியே எனக்குப் பூட்டாகிவிட்டது. அதைக் காப்பாற்றுவதற்காக எட்டு மாதம் நடித்தேன். புதிதாக எழுந்து நிற்கிறவரிடம் ஒலிபெருக்கியைக் கொடுக்காதீர்கள். கொடுத்தாலும், நீங்கள் வாங்காதீர்கள். ஓர் ஆண்டாவது போகட்டும்.

என்னை மீட்கும்படி தேவன் பயன்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு போதகர். அவரைத் தேடி முதன்முறை போனபோது வீடு பூட்டியிருந்தது. அவ்வளவு தூரம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவன், அன்று வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தேன். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தத் தைரியம் ஒரு நாளைக்கு ஒருமுறைதான் வரும். மறுமுறை போனபோது, எடுத்தவுடன் "ஐயா, எனக்காக ஜெபியுங்கள்" என்றேன். "ஜெபிப்போம், தம்பி. அதற்கு முன் சொல்லுங்கள், எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி அது. எந்த இடத்தில், யாரோடு, அன்று மதியம் சாப்பிட்டேனா, யாரோடாவது சண்டையா என்று தொடர்ந்து கேட்டார். பத்து நாள் இவற்றை எழுதிக்கொண்டு வரும்படி அனுப்பினார். எழுதிய தாளைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். பத்து நாளில் எட்டு நாள் மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில், வேலை முடிந்து தனியாகத் திரும்பும் வழியில், பெரும்பாலும் மதிய உணவைத் தவிர்த்த நாட்களில். நான் ஜெபித்து வந்ததோ அதிகாலை ஐந்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும். சோதனை வரும் வேளையில் நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை.

அவர் கெத்செமனேயை எடுத்துக் காட்டினார். "நீங்கள் சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று இயேசு சீஷர்களிடம் சொன்னது, பிடிக்க வந்தவர்கள் தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பு. நெருக்கடி வந்தபின் ஜெபிப்பதற்கு அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. அதேபோல் 1 கொரிந்தியர் 10:13. "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்ற வாக்குத்தத்தத்தை நான் மனப்பாடமாகச் சொல்வேன். அந்தக் கணத்தில் ஏதோ ஒரு வல்லமை என் கையைத் தட்டிவிடும் என்று காத்திருப்பேன். "போக்கு என்றால் வழி, தம்பி. வழியை அவர் காட்டுவார், நடக்க வேண்டியது உங்கள் கால்கள்" என்றார். சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது போதனையல்ல, உறக்கத்துக்குப் பின் உணவும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை. மதிய உணவை ஒருநாளும் தவிர்க்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை கிடைத்தது. அதை ஆவிக்குரிய ஒழுக்கமாகவே இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

மருத்துவரிடம் அவரே உடன் வந்தார். மருந்துகளின் துணையோடும் கண்காணிப்போடும் உடல் ஒரு வாரத்துக்குள் தெளிந்தது. அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

மாலை நேரம்தான் பெரும் போராட்டமாக இருந்தது. வீட்டுக்கு வேறு வழியாகத் திரும்பினேன், பணத்தை மனைவியிடம் ஒப்படைத்தேன், சரியாக ஆறரைக்குப் போதகரைத் தொலைபேசியில் அழைத்தேன். மூன்று நிமிடத்துக்கு மேல் பேசமாட்டார். ஒரு சங்கீத வசனம், சாப்பிட்டீர்களா என்ற கேள்வி, ஒரு சிறு ஜெபம். ஆனால் அழைப்பை முடித்தபின் வரும் வெற்று நேரத்தைத் தாங்க முடியவில்லை. பெருக்கி அலங்கரிக்கப்பட்ட வீட்டுக்கு அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வரும் என்று இயேசு சொன்னதைச் சுட்டிக்காட்டி, அந்த வேளையை நிரப்ப, குடியிலிருந்து விடுபட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவுக்கு அனுப்பினார். கிறிஸ்தவன் அங்கே போகலாமா என்று தயங்கினேன். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய அந்த இயக்கத்தின் முதல் உறுப்பினர்கள் யாக்கோபின் நிருபத்தை விரும்பி வாசித்தவர்கள் என்பதும், அதன் 12 படிகளில் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது என்பதும் எனக்கு அதன்பின்தான் தெரியவந்தது. அங்கே என்னைக் கண்டு எவரும் திடுக்கிடவில்லை. மேடையில் சொன்னதைவிட உண்மையான சாட்சியை அந்த நாற்காலி வட்டத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

ஏழாம் மாதம் மறுபடி விழுந்தேன். வேலையிடத்தில் பெரிய அவமானம். கோபத்தோடு ஆறரைக்கு அழைத்தேன். மறுமுனையில் அவர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அழைக்க இரண்டாவது எண் என்னிடம் இல்லை. (குறைந்தது மூன்று பேரின் எண்ணாவது கையில் இருக்கட்டும், ஒரே மனிதரின்மேல் முழுப் பாரத்தையும் வைப்பது அவருக்கும் அநியாயம்.) முன்பென்றால் இன்னும் எட்டு மாதம் நடித்திருப்பேன். அன்று இரவு ஒன்பது மணிக்கே அவரிடம் சொன்னேன். அந்த ஒரு காரியத்தை என் வெற்றியாக இன்றும் நினைக்கிறேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு இயேசு வேண்டிக்கொண்டதை வாசித்தார். "நாளை ஆறரைக்குப் பேசுவோம்" என்று முடித்தார். மறுநாள் பேசினோம். அதற்குப்பின் நான் குடிக்கவில்லை.

எதிர்பாராத ஓர் இடத்திலும் தடை வந்தது: திருவிருந்துப் பாத்திரம். எங்கள் சபையில் திராட்சரசம் புளித்ததே. முதன்முறை அதன் வாசனை எட்டியதும் உடல் முழுவதும் விழித்துக்கொண்டது. பயந்துபோய், ஆராதனையின் நடுவிலேயே எழுந்து வெளியேறினேன். கர்த்தருடைய பந்தியிலிருந்து ஓடிவந்துவிட்டேன் என்ற குற்றவுணர்வு பல நாள் வாட்டியது. ஆலயப் பொறுப்பாளர் ஒருவரிடம் கேட்டதற்கு, ஒரு துளி என்ன செய்துவிடும், விசுவாசத்தோடு வாங்குங்கள் என்றார். குடிநோயை அறியாதவர் சொல்லும் பதில் அது. புளிக்காத சாற்றைப் பயன்படுத்தும் வழக்கம் புதிதல்ல; 1869-இலேயே தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல்மருத்துவர் திருவிருந்துக்காகத் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் காக்கும் முறையைக் கண்டார். அப்பத்தை மட்டும் பெற்றாலும் கிறிஸ்துவை முழுமையாகவே பெறுகிறோம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. இவற்றையெல்லாம் கடிதமாக எழுதி, எங்கள் ஆயரிடம் நேரில் கொடுத்தேன். அவர் ஒரே வாரத்தில் ஒப்புக்கொண்டார். இப்போது தனியே ஒரு சிறு கிண்ணத்தில் சாறு வைக்கப்படுகிறது. எனக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். முதல் மாதமே அந்தக் கிண்ணத்தை நோக்கி வேறு இருவரும் நடந்து வந்தார்கள்.

மாலை ஆறரைக்கு நான் அழைப்பது இன்னும் தொடர்கிறது. அதே வேளையில் அவர்களில் ஒருவர் என்னை அழைக்கிறார். வீட்டில் பணம் திரும்பவும் என் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நான் உள்ளே நுழையும்போது, மனைவி அருகில் வந்து ஒரு கணம் மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். நான்கு ஆண்டுகளில் அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.