வாய் திறக்காத மரபணு

கழுத்தில் கட்டிய நெறி வாரக்கணக்கில் வற்றாவிட்டால், வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் டி செல்கள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் மண்டிக் கிடக்கும். கிருமியை எதிர்த்துப் பெருகியவையா, புற்றாகிப் பெருகியவையா என்பது சில வேளை கைதேர்ந்த நோய்க்கூறு மருத்துவருக்கும் பிடிபடாது. அப்போதுதான் அந்தத் திசு எங்கள் மரபணு ஆய்வக மேசைக்கு வரும்.

டி செல் கிருமியை அடையாளம் காண உதவும் மேற்பரப்புப் புரதம்தான் அதன் ஏற்பி. அதற்கான மரபணு மற்ற செல்களில் துண்டு துண்டாகவே கிடக்கிறது. மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் வளரும் டி செல் மட்டும் ஒரு வி துண்டையும் ஒரு ஜே துண்டையும் வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் ஒரு நொதி தன்பாட்டுக்குச் சில டி.என்.ஏ. எழுத்துகளைச் செருகிவிட்டுப் போகிறது. அந்தத் தாறுமாறுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஒட்டின் நீளம் செல்லுக்குச் செல் மாறும். ஒரே செல்லின் வாரிசுகளிடம், அதாவது புற்றைப் போன்ற ஒரே குலத்தில், மாறாது.

ஏற்பியின் சங்கிலிகளுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என நான்கு மரபணுக்கள். நாங்கள் முதலில் தேடுவது காமாவை. ரத்தத்திலுள்ள பெரும்பாலான டி செல்கள் மேற்பரப்பில் காட்டுவதென்னவோ ஆல்ஃபா, பீட்டா சங்கிலிகளைத்தான். ஆனால் ஆல்ஃபாவில் ஜே துண்டுகள் மட்டுமே சுமார் 60; அத்தனைக்கும் பிரைமர் (குறிப்பிட்ட பகுதியைப் பிடித்து நகலெடுக்க உதவும் சிறு டி.என்.ஏ. துண்டு) போட்டுக் கட்டுப்படியாகாது. டெல்டா, 14ஆம் குரோமோசோமில் ஆல்ஃபாவுக்கு நடுவே இருப்பதால், ஆல்ஃபா ஒட்டும்போதே கழிந்துவிடும். 7ஆம் குரோமோசோமிலுள்ள காமா முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு, புரதம் எதையும் தராமல், அப்படியே தங்கிவிடுகிறது. துண்டுகளும் குறைவு. ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி 2003இல் வெளியிட்ட பயோமெட்-2 பிரைமர்கள் இந்த வேலையை எளிதாக்கின.

பி.சி.ஆர். எனும் டி.என்.ஏ. நகலெடுப்பு முடிந்து, ஒட்டுகளின் நீளத்தைக் காட்டும் வரைபடம் திரையில் விரியும். பல குலங்கள் கலந்திருந்தால் சிகரங்கள் தாழ்வாகக் குவிந்து நிற்கும். ஒரே குலமானால் ஒன்றோ இரண்டோ பனைமரம்போல் ஓங்கும். இரண்டு என்பதில் வியப்பில்லை: தாய்வழி, தந்தைவழி என இரு பிரதியும் ஒட்டியிருக்கலாம். எனக்குச் சந்தேகம் வருவது சின்னஞ்சிறு பயாப்சிகளில்தான். டி செல்கள் சொற்பமானால், எதேச்சையாகப் பெருகிய சிலவே சிகரமாகிவிடும். அதனால் எந்த மாதிரியையும் இருமுறை ஓட்டுகிறோம். சிகரம் இடம் மாறினால் நம்புவதில்லை.

"புற்றா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று அறுவை மருத்துவர்கள் தொலைபேசியில் அவசரப்படுத்துவதுண்டு. அவர்கள் அவசரம் நியாயமானதுதான். ஆனால் முதியவர்களின் ரத்தத்தில் நோயே இல்லாமலும் ஒரே குல டி செல்கள் தென்படும். பி செல் எனும் வேறு வகை வெள்ளணுவின் ரத்தப் புற்று சிலவற்றிலும் காமா ஒட்டியிருக்கும். ஆகவே "ஒரே குலம் காணப்படுகிறது, திசு ஆய்வோடு சேர்த்து முடிவு செய்யவும்" என்றுதான் அறிக்கை போகும்.