நப்கின் சொன்ன பால் கணக்கு

தாய்ப்பால் கொடுக்கிற எல்லோரையும் அரிக்கிற கேள்வி, பிள்ளைக்குப் பால் போதுமா என்பதுதான். போத்தல் பால் என்றால் எத்தனை மில்லிலீற்றர் குடித்தது என்று பார்த்துக்கொள்ளலாம். தாய்ப்பாலை அப்படிப் பார்க்க வழியில்லை. உள்ளே போவதை அளக்க முடியாவிட்டால் வெளியே வருவதை எண்ணிப் பார் என்று எனக்குச் சொல்லித் தந்தவர், திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன மிட்வைஃப் மிஸ். முதல் பிள்ளையோடு இருந்த எனக்கு அந்த ஒரு சொல் பெரிய பிடிமானமாக இருந்தது.

மகள் பிறந்த முதல் நாள் மலம் கறுப்பாக, கரும்பச்சை கலந்து, பசையாக ஒட்டியது. கருவில் இருக்கும்போது விழுங்கியதெல்லாம் சேர்ந்து வருவது அது. நாற்றமே இல்லை, ஆனால் துடைத்து எடுப்பது பெரும்பாடு. அடுத்த முறைக்கு முன்பே தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவிவிடு என்று அம்மா சொன்னார். அப்புறம் சுலபமாக வந்தது. சீம்பால் கொஞ்சம்தான் சுரக்கும், ஆனால் இந்தக் கறுப்பு மலத்தை வெளியே தள்ள அதுவே உதவும். இது சீக்கிரம் கழிந்தால் உடம்பில் மஞ்சள் ஏறுவதும் குறையும்.

மிஸ் சொன்ன கணக்கு இது. முதல் நாள் ஒரு ஈர நப்கின், இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 3. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்துக்குள் 6 அல்லது அதற்கு மேல். மலமும் கறுப்பிலிருந்து பச்சை கலந்த மண்ணிறமாகி, ஐந்தாம் நாளளவில் மஞ்சளாக வேண்டும். அதுவும் நாளுக்கு 3, 4 தடவையாவது போக வேண்டும். நான் கலண்டரில் அந்தந்த நாளுக்குக் கீழே சலத்துக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு புள்ளி என்று போட்டு வந்தேன். இரவில் இவர் மாற்றினால் அவரே கோடு போட்டுவிடுவார்.

இடையில் ஒரு நாள் நப்கினில் செங்கல் நிறத்தில் கறை. இரத்தம் என்று மாமி பயந்துவிட்டார். அது சலத்தில் இருக்கும் யூரேட் படிகமாம். பால் நன்றாக ஊறாத முதல் இரண்டு மூன்று நாளில் சலம் செறிவாக இருக்கும்போது வருவது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம், உடனே காட்ட வேண்டும். எங்களுக்குப் பால் ஊறியதும் நின்றுவிட்டது.

பிறந்த நிறையில் கொஞ்சம் குறைவதும் வழமைதான். 10 வீதத்தை நெருங்கினால்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்குள் பழைய நிறைக்கு வந்துவிட வேண்டும். மகள் வந்துவிட்டாள், கிளினிக் கொப்பியில் கோடு மேலே ஏறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பம்பர்ஸ் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது ஈரத்தை இழுத்துக்கொள்வதால் நனைந்ததா இல்லையா என்றே தெரியாது. புதுப் பம்பர்ஸ் ஒன்றில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பார்த்தால், நனைந்தது எவ்வளவு பாரமாக இருக்கும் என்று கைக்குப் பழகிவிடும். நான் பகலில் துணி நப்கின்தான் கட்டினேன். வெக்கையோடு கச்சான் காற்று அடிக்கிற மாதங்கள் என்பதால் துவைத்துப் போட்டது மளமளவென்று காய்ந்தது. மாரி மழையில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு இது எளிதல்ல என்பதும் தெரியும்.

அந்த வெக்கையில்தான் அடுத்த பிரச்சினை வந்தது. "பிள்ளைக்கு நா வறளும், ஒரு கரண்டி கொதிச்சாறின தண்ணி குடு" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 வீதம் தண்ணீர்தான். திருகோணமலை வெயிலுக்கும் அது போதும். 6 மாதம் வரை வேறு தண்ணீர் வேண்டாம். தண்ணீரால் வயிறு நிரம்பினால் பால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். ஈர நப்கின் 6க்கு மேல் வந்துகொண்டிருந்த கலண்டரை மாமியிடம் காட்டினேன். அவரும் அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை.

மஞ்சள் மலம் தண்ணீராக, கடுகளவு வெள்ளை மணிகளோடு போகும். பால் குடித்த ஒவ்வொரு தடவையும் போகிற பிள்ளைகளும் உண்டு. இதை வயிற்றோட்டம் என்று நினைத்துப் பாலை நிறுத்தச் சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்குப் பதற்றமாக இருக்கிறது. வயிற்றோட்டம் என்றால் பிள்ளையின் வழக்கத்தைவிடத் திடீரென்று கூடும், கெட்ட நாற்றம் வரும், சளியோ இரத்தமோ காய்ச்சலோ சேரலாம். அப்போது வைத்தியரிடம் போக வேண்டும், ஆனாலும் பாலை நிறுத்தக் கூடாது. இடையிடையே பச்சையாகப் போவதைப் பற்றி, பிள்ளை சந்தோஷமாக இருந்து நிறையும் ஏறினால் யோசிக்கத் தேவையில்லை என்றார் மிஸ். நுரையோடு பச்சையாகவே போனால், ஒரு பக்கத்தை முழுதாகக் குடித்து முடிக்க விட்டு மற்றப் பக்கம் மாற்றச் சொன்னார்.

ஆறு கிழமை தாண்டியதும் எல்லாம் தலைகீழ். நாளுக்குப் பல தடவை போனவள் நாட்கணக்கில் போகவில்லை. அம்மாவே வெற்றிலைக் காம்பில் ஆமணக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு வந்துவிட்டார்! "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, மிஸ்ஸைக் கேட்போம்" என்று தடுத்தேன். இந்த வயதுக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை சில நாள், சிலவேளை ஒரு கிழமைகூடப் போகாமல் இருக்கலாம். போகும்போது மிருதுவாகப் போனால் அது மலச்சிக்கல் இல்லை. ஆசனவாயில் காம்போ சவர்க்காரமோ வைப்பது அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கும். ஆனால் பிறந்த முதல் மாதத்தில் போகாமல் இருந்தால் பால் குறைவாக இருக்கலாம், அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தாலோ பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ எந்த வயதிலும் ஆஸ்பத்திரிதான்.

நிறத்தில் நான் பயப்படச் சொல்வது வெள்ளைக்குத்தான். வெள்ளையாக, சாம்பலாக, வெளிறிய களிமண் நிறத்தில் மலம் போனால் ஈரலில் சுரக்கும் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்வதில் பலன் அதிகம். தாய்வானில் 2004 முதல் நாடு முழுதும் மல நிற அட்டை கொடுத்துத் தாய்மாரையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு கிழமை தாண்டியும் கண் மஞ்சளாக இருந்தால் மலத்தின் நிறத்தைக் கட்டாயம் பாருங்கள். கறுப்பு மலம் கழிந்து முடிந்த பிறகு திரும்பக் கறுப்பாகவோ சிவப்பாகவோ போனாலும் தாமதிக்க வேண்டாம்.

காட்டப் போகும்போது அந்த நப்கினையே ஒரு பையில் சுற்றிக் கொண்டுபோங்கள். வீட்டு பல்ப் வெளிச்சத்தில் ஃபோனில் எடுத்த படத்தில் வெளிறிய நிறம்கூட மஞ்சளாகத் தெரியும். படம்தான் முடியும் என்றால் பகலில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள்.