தொட்டி ஸ்டாண்டும் எல் ஆங்கிளும்

மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டிக்கு ஸ்டாண்டு அடிக்கிறோம். தண்ணீர் மட்டுமே ஒரு டன் வரும். அதனால் எல் வடிவ இரும்பு ஆங்கிள், இரண்டு பக்கமும் 50 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனம் என்று சொல்லியிருந்தேன்.

சரக்கு வந்து இறங்கியதும் வெல்டிங் அண்ணன் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆறு இல்ல, அஞ்சு" என்றார். எடை போட்டோம். 6 மீட்டர் நீளத்துக்கு 27 கிலோ இருக்க வேண்டும். முள் 23-ஐக்கூடத் தொடவில்லை! கிலோ கணக்கில் வாங்காமல் லெங்த் கணக்கில் காசு கொடுத்தது என் தப்பு. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

அதே எடையில் பட்டைக் கம்பி போட்டால் ஆகாதா என்று கேட்டேன். அண்ணன் ஒரு பில் காகிதத்தை நீட்டிப் பிடித்தார், தொங்கியது. நடுவில் நீளவாக்கில் மடித்துப் பிடித்தார், விறைப்பாக நின்றது. அவ்வளவுதான் ஆங்கிள். கரண்ட் டவர், ஷீட் கூரை, ரேஷன் கடை ரேக் எல்லாம் இந்த ஒரு மடிப்பை நம்பித்தான் நிற்கின்றன.

அப்புறம் இன்னொன்று. வெயில் மழையில் கிடக்கும் ஆங்கிளின் குழிவுப் பக்கம் மேலே பார்க்கக் கூடாதாம். மழைத்தண்ணீர் தேங்கி அங்கிருந்துதான் துரு பிடிக்கும். எங்கள் பழைய ஸ்டாண்டு அப்படித்தான் போனது, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்திருந்தும்.

நாளைக்குத் தொட்டியை ஏற்றுகிறோம். தூக்க ஆள் தேவை, டீ வடை உண்டு.