டாக்ஸியின் வலது ஃபிளிப்பர்: மூன்று சனிக்கிழமை வேலை

வீட்டு பேஸ்மென்ட்டில் வைத்திருக்கும் பின்பால் (சரிவான பலகையில் இரும்புப் பந்தை அடித்து ஆடும் மெஷின்), 1988இல் வந்த வில்லியம்ஸ் கம்பெனியின் ‘டாக்ஸி’. சாண்டா, டிராகுலா, லோலா என்று பயணிகளை ஏற்றிக்கொண்டே போகும் ஆட்டம். ஒரு மாதமாக வலது ஃபிளிப்பர், அதாவது பட்டனை அழுத்தினால் பந்தை அடிக்கும் சின்ன மட்டை, சோர்ந்து கிடந்தது. பந்து ரேம்ப் என்ற ஏற்றப் பாதையில் பாதி ஏறித் திரும்பி உருண்டு வந்துவிடும். சில தடவை பட்டனை அழுத்தினால் லேசாகத் துடிப்பதோடு சரி.

ஃபிளிப்பரை இயக்கும் மின்காந்தச் சுருளான காயில்தான் போய்விட்டது என்று நினைத்து, இன்னும் வலுவானதாக ஒன்று வாங்க இருந்தேன். நல்லவேளை, முதலில் மீட்டரை எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்தால், இடது வலது இரண்டிலும் ஒரே அளவு. தடித்த கம்பிச் சுற்று சுமார் 4 ஓம், மெல்லிய சுற்று நூறு ஓமுக்கு மேல். காயில் நன்றாகத்தான் இருக்கிறது.

தடித்த சுற்று பந்தை அடிப்பதற்கு, மெல்லியது ஃபிளிப்பரைத் தூக்கியபடி பிடித்து வைப்பதற்கு. ஃபிளிப்பர் முழுக்க மேலே போகும் தருணத்தில் இ.ஓ.எஸ். (end of stroke, வீச்சின் முடிவு) சுவிட்ச் விலகி, மின்சாரத்தைக் குறைக்கிறது. அது விலகாவிட்டால் காயில் கருகும். ஓய்வில் இருக்கும்போதே சரியாகத் தொடாவிட்டால் அடியில் வலு இருக்காது.

என் மெஷினில் அந்தச் சுவிட்சின் தொடும் முனைகள் கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தன. இரண்டு முனைக்கும் இடையே மீட்டர் 2 ஓம் காட்டியது. 2 ஓம் என்ன பெரிதா என்று தோன்றலாம். 50 வோல்ட்டில் 4 ஓம் என்றால் 12.5 ஆம்பியர், இந்த 2 சேர்ந்து 6 ஓம் ஆனால் 8.3தான். காயில் இழுக்கும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், அடி பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது!

சின்ன அரத்தால் முனைகளைத் தேய்த்து, மேலே போனதும் 2 மி.மீ. அளவுக்கு விலகும்படி தகட்டை வளைத்தேன். பட்டன் பக்கத்துச் சுவிட்சுக்கும் அதே வைத்தியம். இவை டங்ஸ்டன் முனைகள், அரம் தாங்கும். பிற்கால மெஷின்களில் வரும் தங்க முலாம் பூசிய முனைகளில் அரம் படவே கூடாது.

துடிப்பு நின்றது. ஆனாலும் அடியில் ஒரு மந்தம். அடுத்த சனிக்கிழமை, காயிலுக்குள் இழுபடும் இரும்புத் தண்டான பிளஞ்சரைக் கழற்றினேன். அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பில் மோதி மோதி அதன் நுனி காளான் குடை மாதிரி விரிந்திருந்தது. அதைக் கையில் பிடித்து, அது ஓடும் குழாயான ஸ்லீவுக்குள் விட்டால் கடைசி அரை அங்குலத்தில் சிக்குகிறது. அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், விடவில்லை. எண்ணெயில் தூசி சேர்ந்து பசையாகிவிடும், ஸ்லீவ் உலர்ந்தே இருக்க வேண்டும். பிளஞ்சர், அதை ஃபிளிப்பரோடு இணைக்கும் லிங்க், ஸ்லீவ், ஸ்டாப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன்.

மூன்றாம் சனி பொருத்துவதற்கே போனது. ஃபிளிப்பரை இறுக்கும்போது மேலும் கீழும் 0.8 மி.மீ. ஆட்டம் விட வேண்டும். முதலில் விடாமல் இறுக்கிவிட்டேன், ஃபிளிப்பர் மேலேயே நின்றுவிட்டது. மூன்று விசிட்டிங் கார்டுகளை இடையில் செருகி மறுபடி இறுக்கினேன். சரியாக வந்தது.

இப்போது பந்து ரேம்ப்பை ஒரே வீச்சில் தாண்டுகிறது. அடிக்கும் சத்தமே மாறி, ‘டக்’ என்று கட்டையாக விழுகிறது. அதைக் கேட்ட பிறகு இடது பக்கம் தளர்ந்து ஒலிப்பதாகப் படுகிறது. அதற்கும் சாமான் சொல்லியாகிவிட்டது.