ஏழாவது மணி

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குத் தெரிந்த மலை கீரிமலை ஒன்றுதான். அங்கே இருப்பதோ கடலோரத்துக் கேணி. மலை பெயரில் மட்டும். எங்கள் ஊரில் அண்ணாந்து பார்க்க வேண்டியவை பனையும் கோயில் கோபுரமும். அப்படிப்பட்ட நான், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று சிவனொளிபாதமலையைப் பார்த்தபடி பல் துலக்கி வளர்ந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் வீட்டில் ஒரே கேள்வி: "இந்த வருடமாவது போவோமா?" முழங்கால் வலி, அலுவலகம், அடைமழை என்று பன்னிரண்டு வருடம் தப்பித்தேன்.

பிறகு மாமனார் காலமானார். அவள் அதுவரை மலையேறிய ஐந்து தடவையும் அவருடன் போனவை. ஆட்டைத் திவசம் முடிந்த அன்று இரவு அவள் கேட்கவில்லை. "மாசியில் போகிறோம்" என்று சொன்னாள்.

டிசம்பர் போயா தினத்தில், அதாவது பௌர்ணமியில், தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக் போயா வரை நீளும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும். வழிநெடுக எரியும் விளக்குகளும் இருக்காது. பௌர்ணமியிலும் வார இறுதியிலும் போனால் படியில் நின்று நின்றுதான் நகர வேண்டும் என்பதால் ஒரு செவ்வாய்க்கிழமை இரவைத் தேர்ந்தோம். கையில் மூன்று மாதம் இருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் மலைக்கு எங்கே போவது? நாங்கள் இருப்பது ஏழு மாடித் தொடர்மாடி. படிகளை எண்ணினேன்: 126. மலையடிவாரத்து நல்லதண்ணி வழியாக ஏறினால் சுமார் 5,500 படிகள் என்பார்கள். அப்படியானால் எங்கள் கட்டடத்தை ஒரே மூச்சில் நாற்பத்து நான்கு தடவை ஏற வேண்டும். கணக்கைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. முதல் வாரம் மூன்று தடவை ஏறினேன். ஒவ்வொரு முறையும் லிப்டில் இறங்கி வந்தேன். மனைவி சிரித்தாள். "மலையிலும் லிப்டில் இறங்கப்போகிறீர்களா? ஏறும்போது மூச்சுத்தான் போகும், சற்று நின்றால் திரும்பி வரும். இறங்கும்போது முழங்கால் போகும். அது திரும்பி வராது."

அவள் சொன்னது சரி. இறங்கும் ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பழக்கம் ஏறுவதால் வராது. அதன் பிறகு லிப்டை மறந்தோம். மாலையில் தலைக்கு ஐந்து சுற்று, பிறகு எட்டு, கடைசி வாரங்களில் இருபது. நாலாம் மாடிப் பெரியவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை எண்ணத் தொடங்கினார். ஊருக்குப் போகிற வழியில் மிகிந்தலையில் பஸ்ஸை விட்டு இறங்கி அங்குள்ள 1,840 படிகளையும் ஏறிப் பார்த்தோம். இறங்கியபோது கால் நடுங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரமே விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினேன்.

கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி ஹட்டனில் இறங்கி, அங்கிருந்து பஸ். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் ஓரமாகப் போகும்போது அவள் தண்ணீரைக் காட்டினாள். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள்தான் இருக்கிறது. நீர் வற்றும் காலத்தில் மூழ்கிய கோயில் வெளியே தெரியும். அப்பா அதைக் கண்டால் பஸ்ஸில் இருந்தபடியே கும்பிடுவாராம். அன்று தண்ணீர் நிறைந்திருந்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நல்லதண்ணியில் இரவு ஒன்றரை மணிக்குத் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டோம். முதல் ஒரு மணி நேரம் மெல்லிய ஏற்றம். கடைகள், இஞ்சித் தேநீர், யப்பானியர் கட்டிய சமாதானத் தூபி. சீத்த கங்குல ஓடையில் முகம் கழுவினோம். பெயருக்கே குளிர்ந்த ஓடை என்றுதான் பொருள், விரல் மரத்தது. அதற்கப்பால்தான் மலை தொடங்குகிறது. அதுவரை நான் ஏறியதாக நினைத்தது வெறும் நடை.

முதல் தடவை வருபவரைச் சிங்களத்தில் 'கோடு' என்பார்கள். வழி தெரிந்தவர் முன்னே செல்ல, கோடு பின்னே வரவேண்டும். எங்கள் கூட்டத்தில் ஆட்கள் இரண்டே பேர். தலைவி அவள், கோடு நான். அவள் குனிந்தபடி, நிற்காமல், சின்னச் சின்ன அடியாக வைத்து ஏறினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் விளக்கொளியில் அவளுடைய குதிகால்கள் மட்டுமே. அவை எழுந்தால் நானும் எழுவேன். நின்றால் நானும் நிற்பேன். நாற்பத்து நான்கு தொடர்மாடிகளின் கணக்கெல்லாம் எங்கேயோ தொலைந்துபோனது. தொடர்மாடிப் படிகள் ஒரே அளவானவை. இங்கே ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம்.

இறங்கி வந்த ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போனது. அவள் பொருள் சொன்னாள்: கும்பிடப் போகும் இந்தக் கூட்டத்துக்கு மலையின் காவல் தெய்வமான சுமன சமன் துணை, கும்பிட்டு இறங்கும் கூட்டத்துக்கும் துணை. எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆச்சி வெறுங்காலுடன், வெள்ளைச் சேலையில், பேத்தியின் தோளைப் பிடித்தபடி எங்களைக் கடந்து மேலே போனார். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டேன்.

இந்திக்கட்டுபான என்ற இடத்தில் நூல் கட்டினேன். புத்தர் இங்கே அமர்ந்து கிழிந்த சீவர ஆடையைத் தைத்தார் என்பது பௌத்தர் நம்பிக்கை. கோடுகள் நூலை அவிழ்த்தபடி மேலே போவார்கள். கைப்பிடிக் கம்பியெல்லாம் வெள்ளை நூல். உச்சியிலுள்ள பாதச்சுவடு புத்தருடையது என்பார்கள் அவர்கள். சிவனடி என்கிறோம் நாங்கள். முஸ்லிம்களுக்கு ஆதம் நபி, கிறிஸ்தவர்களில் சிலருக்குத் தோமையார். யாருடையது என்று வாதிட மூச்சு வேண்டும். அந்த இடத்தில் எவரிடமும் அது மிச்சம் இருக்கவில்லை.

கடைசி ஏற்றத்தில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு போனேன். 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து இந்த மலையில் ஏறியதாக எழுதியிருக்கிறார். அவருக்குப் பல்லக்கும் வழி தெரிந்த யோகிகளும் சுமை தூக்க ஆட்களும் கொடுத்து அனுப்பியவன் ஆரியச் சக்கரவர்த்தி, எங்கள் யாழ்ப்பாணத்து அரசன். ஊரார் ஏறத்தாழ எழுநூறு வருடத்துக்கு முன்பே பிறரை அனுப்பி வைத்திருக்கிறார்கள், நான்தான் தாமதம். இதை மூச்சிரைக்க அவளிடம் சொன்னேன். "பேசாமல் ஏறுங்கள்" என்றாள்.

ஐந்தரை மணிக்கு உச்சி. 2,243 மீற்றர். சப்பாத்தைக் கழற்றியதும் கல்லின் குளிர் உள்ளங்காலில் ஏறியது. துணி போர்த்திய பாதத்தின் முன்னால் நிற்கக் கிடைத்தது சில கணங்கள்தான். பின்னால் வரிசை தள்ளியது. எதைக் கேட்பது என்று பல வாரங்களாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இரவெல்லாம் பார்த்துக்கொண்டு வந்த இரண்டு குதிகால்கள் எனக்குப் பக்கத்தில் இருந்தன. தலை தானாகக் குனிந்தது. அவள் அப்பாவின் பெயரை மட்டும் ஒரு தடவை மெதுவாகச் சொன்னாள்.

சூரியன் வந்ததும் தவில் போல ஏதோ முழங்கியது. எல்லோரும் கிழக்கே பார்க்க, அவள் என்னை மேற்குப் பக்கம் இழுத்துப் போனாள். கீழே மேகத்தின் மீது மலையின் நிழல் கூரான முக்கோணமாக விழுந்து கிடந்தது. மலை ஒன்றும் அவ்வளவு ஒழுங்கான வடிவம் இல்லை. நிழலோ மட்டம் வைத்து வரைந்தது போல இருந்தது. அடிநிழல் என்ற சொல்லைச் சிறுவயதிலிருந்து கூட்டுப் பிரார்த்தனையில் பாடி வந்தவன் நான். அது கண்ணுக்குத் தெரியும் பொருள் என்று நினைத்ததே இல்லை. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி எங்களை நோக்கி வந்தது.

பிறகு மணி. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டும். நான் ஒன்று அடித்தேன். அவள் ஆறு அடித்தாள். ஆறாவதை அடித்த பிறகும் கயிற்றைச் சிறிது நேரம் விடவில்லை.

இறங்கியதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவள் சொன்னபடியே முழங்கால் பேசியது. பயிற்சி இல்லாதிருந்தால் கத்தியிருக்கும்.

மத்தியானம் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமி வாளியில் வெந்நீர் வைத்திருந்தார். இடுப்பில் சாக்குப் படங்கு கட்டிக்கொண்டு அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தே ஆயுளைக் கழித்தவர். என் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, அதன் விலையைக் கேட்டு, பதில் வருவதற்குள் அதை அடுப்போரம் கவிழ்த்து வைத்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"மணி எத்தனை அடித்தாய்?"

"ஆறு அம்மா. அப்பாவோடு ஐந்து, இவரோடு ஒன்று."

மாமி விரல்விட்டு எண்ணினார். "ஒன்று குறைகிறதே. நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதை யார் அடிப்பது?"

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் சித்தாலேபக் களிம்பு டப்பாவைத் தேடினேன்.