தோன்றாத்துணை நாதர் சன்னதியில் ஒரு பகல்

உச்சிக்காலத்துக்குள் சிதம்பரம் போய்விடலாம் என்று சென்னையிலிருந்து விடியுமுன்பே கிளம்பினோம். கடலூர் மஞ்சக்குப்பத்துக்குள் நுழைந்ததும் இன்ஜின் சூடேறி வேன் நின்றுவிட்டது. வாட்டர் பம்ப் போய்விட்டதாம். புதுச்சேரியிலிருந்து சாமான் வர வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்றார் மெக்கானிக். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊர், கூட வந்தவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். எனக்குக் கவலையாகிவிட்டது.

பெரியம்மா மட்டும் மலர்ந்த முகத்தோடு இருந்தார். "அப்பர் கரையேறின ஊராச்சேடி இது! இங்க நின்னதுக்கா கவலைப்படற? ஆட்டோவைக் கூப்பிடு."

கெடிலம் பாலத்தில் ஆட்டோவைக் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். சூலை நோய் என்கிற கடும் வயிற்றுவலி தாங்காமல் அப்பர் பாடிய முதல் பதிகத்திலேயே இந்த ஆறு வந்துவிடுகிறது. 'அதிகைக் கெடில வீரட்டானத்து' என்று முணுமுணுத்தபடி ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

பாலம் தாண்டினால் திருப்பாதிரிப்புலியூர். கடலூரின் ஒரு பகுதியாகிவிட்டாலும் இது மிகப் பழைய ஊர். பாடலிபுரம் என்ற பெயரில் சமணர்களின் பெரிய கல்வி இடமாக இருந்தது. கி.பி. 458-ஐச் சேர்ந்த லோகவிபாகம் என்ற சமண நூல் உருவானதும் இங்கேதான் என்பது அறிஞர்கள் கருத்து. மருள்நீக்கியார் என்ற இளைஞர் இங்கு வந்து சமணம் பயின்று, தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார். பிறகு சூலை நோய் வந்தது. ஒருவருக்கும் தெரியாமல் இரவில் கிளம்பி, அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போனார். அவர்தான் அப்பர் என்று நாம் சொல்லும் திருநாவுக்கரசர் ஆனார்.

பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயான நீற்றறையில் அடைத்தான், நஞ்சு கொடுத்தான், யானையை ஏவினான். கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் போடச் செய்தான். 'சொற்றுணை வேதியன்' என்று பாட, கல் தெப்பமாக மிதந்து கரை சேர்ந்தது. சேர்ந்த கரை எது என்பதுதான் என் மனதை அசைக்கிறது. இரவோடு இரவாக விட்டுப் போன அதே பாடலிபுரத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார் ஈசன். வரவேற்க அடியார்கள் கூடி நின்றார்களாம்.

கோயிலில் சுவாமி பாடலீஸ்வரர், அம்பாள் பெரியநாயகி. சம்பந்தரும் பாடிய தலம் இது. பிராகாரத்தில் தலவிருட்சமான பாதிரி மரத்தைச் சுற்றி வந்தோம். தில்லையில் ஆனந்தத் தாண்டவம் கண்ட அதே புலிக்கால் முனிவர் வியாக்ரபாதர் இங்கேயும் வழிபட்டிருக்கிறார். அதனால்தான் தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர், இது பாதிரிப்புலியூர். அப்புறம் அப்பர் சன்னதி. மற்ற கோயில்களில் உழவாரத்தோடு நின்ற கோலத்தில் இருப்பவர் இங்கே அமர்ந்திருக்கிறார். அத்தனை கொடுமைகளையும் தாண்டி வந்தவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. நகர மனமில்லாமல் நெடுநேரம் நின்றோம்.

சுவாமி சன்னதியில் ஓதுவார் ஒருவர் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' என்று தொடங்கினார். கரையேறியதும் அப்பர் இந்தத் தலத்தில் பாடிய பதிகம். தாயாய், தந்தையாய், உடன்பிறந்தாராய், தோன்றாத் துணையாய் இருந்தவன் என்று ஈசனைச் சொல்கிறார். சிறு வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்து, அக்காவின் நிழலில் வளர்ந்தவர் அவர். அதை நினைத்துக்கொண்டு அந்த வரியைக் கேட்டால் கண் கலங்காமல் இருக்காது. என் அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் பெரியம்மாதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நடை சாத்திய பிறகு பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. கொஞ்சம் ஓய்வெடுத்துவிட்டுக் கரையேறவிட்டகுப்பம் போனோம். அப்பர் கரை சேர்ந்த இடம் இதுதான் என்று ஊர்ப் பெயரே சொல்கிறது. பாடலீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் பலர் இங்கே வராமலே போய்விடுகிறார்கள் என்று ஆட்டோக்காரர் வருத்தப்பட்டார். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. சிதம்பரம் போகும் வழியில் கடலூரைத் தாண்டுகிறவர்கள், காலையில் நடை சாத்துவதற்குள் பாடலீஸ்வரரைப் பார்த்துவிட்டுக் குப்பத்துக்கும் அவசியம் போய் வர வேண்டும். பெரியம்மா அங்கே தரையில் அமர்ந்து, 'சொற்றுணை வேதியன்' என்று தொடங்கும் நமச்சிவாயப் பதிகம் முழுவதையும் பாடினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து கூட உட்கார்ந்துகொண்டார்கள்.

வேன் தயாராகும்போது நன்றாக இருட்டிவிட்டது. சிதம்பரத்தில் அர்த்தஜாம பூஜைதான் கிடைத்தது. மறுநாள் வந்த வழியே திரும்ப வேண்டாம், பண்ருட்டிப் பக்கம் போகலாம் என்றார் பெரியம்மா. சரி என்று திருவதிகைக்குப் போய், திலகவதியார் சன்னதியில் பெரியம்மா கையாலேயே விளக்கேற்ற வைத்தோம்.