“தம்பி, என் பேர்ல என்ன தப்பு?”

சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமைக் கணக்கு ஒன்று உண்டு. இரண்டாம் சனி, லினக்ஸ் என்கிற கட்டற்ற இயங்குதளத்தின் பயனர் குழு; நான்காம் சனி, பைத்தான் நிரல்மொழிக்கான சென்னைபை குழு. காஞ்சிபுரம் லினக்ஸ் குழு ஞாயிறுகளில் இணையவழியில் தமிழிலேயே பேசிக்கொள்கிறது. நான் டிசைன் பக்கத்து ஆள். நிரல் எழுதுகிறவர்கள் கூடுகிற இடத்தில் உனக்கென்ன வேலை என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தமிழ் ஸ்க்ரீன்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கூட்டங்களில் கிடைத்ததுதான். மேடைப் பேச்சில் கொஞ்சம், டீ இடைவேளையில் நிறைய.

அலுவலகத்தில் வேலை நடக்கும் விதம் அப்படி. ஃபிக்மா என்கிற வடிவமைப்புக் கருவியில் எல்லாவற்றையும் ஆங்கில வாசகங்களோடு வரைகிறோம். பட்டன்கள் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். வெளியிட நாலு நாள் இருக்கும்போது மொழிபெயர்ப்புக் கோப்பு வரும். ‘ஃபர்காட் பாஸ்வேர்ட்’ அழகாக உட்கார்ந்திருந்த இடத்தில் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’ வந்து நிற்கும். பாதி தெரியும், மீதி மூன்று புள்ளியாகிவிடும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு வைத்தபடியே விட்டால் ‘சேமி’யின் மேல்சுழி வெட்டுப்பட்டு ‘சேம’ என்று நிற்கும். ‘மூடு’ என்பதில் வால் போய்விடும். இதைக் குறையாகப் பதிவுசெய்தால், ‘தமிழ் ஃபாண்ட் அப்படித்தான்’ என்று பதில் வரும். ஃபாண்ட் மேல் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பெட்டியைத் தமிழுக்கென்று யாரும் வரையவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தில் மதிய இடைவேளையின்போது, நாங்கள் செய்துகொண்டிருந்த பதிவுப் படிவத்தை ஒரு போனில் போட்டு மேசையில் வைத்திருந்தோம். மகனோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் முயன்று பார்த்தார். இனிஷியல், புள்ளி, பெயர் என்று நிதானமாகத் தட்டினார். பெட்டி சிவந்தது: ‘எழுத்துகள் மட்டுமே அனுமதி’. சரி, புள்ளிதான் பிரச்சினை போல என்று அதை எடுத்தார். அப்போதும் சிவப்பு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “தம்பி, என் பேர்ல என்ன தப்பு?” என்று கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுத்தவர். தன் பெயரைத் தான்தான் பிழையாக எழுதிவிட்டோமோ என்று ஒரு பெட்டி அவரை யோசிக்க வைத்துவிட்டது.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெவலப்பர் ஒருவர் தட்டை வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். காரணம் உடனே பிடிபட்டது. கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘மு’ என்பது ‘ம’ என்ற எழுத்தும் அதோடு ஒட்டும் உகரக் குறியும் சேர்ந்தது. மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படியே தனிக் குறி. யூனிகோட் இவற்றை எழுத்து வகையில் சேர்க்காமல் குறி வகையில் வைத்திருக்கிறது. எழுத்து வகையை மட்டும் விடு என்று நிரலில் எழுதினால், புள்ளியோ கொம்போ காலோ உள்ள எந்தத் தமிழ்ப் பெயரும் உள்ளே போகாது. அதாவது ஏறக்குறைய எல்லாப் பெயரும். குறி வகையையும் சேர்த்துக்கொள் என்று ஒரு வரியை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆசிரியர் அதோடு விடவில்லை. அடுத்த பெட்டி ‘கடைசிப் பெயர்’, கட்டாயம் என்று நட்சத்திரம் வேறு. “எனக்கு ஒரு பேர்தானே, இதுல என்னத்தப் போட?” என்றார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் அப்பா பெயரைப் போடுவாராம், ஒருவர் இனிஷியலை, இன்னொருவர் தன் பெயரையே இரண்டு தடவை. பிறகு அடையாள அட்டையில் ஒன்று, வங்கியில் ஒன்று, விமானச் சீட்டில் ஒன்று என்று மூன்று விதமாகப் போய், அலைவது அவர்கள்தான். ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வைத்தால் தீர்ந்துபோகிற விஷயம் இது. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கட்டாயமாகக் கேட்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே 85 சதவீதக் குறைகள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை நிபுணர் யாக்கோப் நீல்சன் 2000இல் எழுதினார். எங்கள் துறையில் அதை மந்திரம் போலச் சொல்வார்கள். அந்த ஐந்து பேர் யார் என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் பக்கத்து இருக்கைக்காரர்கள்தான். நம்மைப் போலவே ஆங்கிலத்தில் தட்டுகிறவர்கள், தடுமாறினாலும் வழி கண்டுபிடித்துவிடுகிறவர்கள். கூட்டங்களுக்கு மகனோடு ஓர் அப்பா வருவார், டிப்ளமா படிக்கும் பெண் வருவாள், சங்கக் கணக்குப் பார்க்கிறவர் வருவார்.

அப்படி வந்த ஒருவர்தான் தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திக்கு ஏன் செலவு கூடுகிறது என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70தான். அதிலும் ‘வணக்கம்’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு. ‘மீதி எழுத்துகள்’ என்று கீழே எண் காட்டுகிற பெட்டி எதைக் குறைக்கிறது என்று புரியாமல் அவர் செய்தியைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருக்கிறார். இப்போது நான் வரையும் செய்திப் பெட்டிகளில் எழுத்துக் கணக்கு இருக்காது. ‘இது இரண்டு செய்தியாகப் போகும்’ என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் வந்துபோன பிறகு சோதனைக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் தொடங்கினோம். ஒற்றை இனிஷியல், இரட்டை இனிஷியல், மீனாட்சிசுந்தரம், ஃபாத்திமா, செபஸ்தியம்மாள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்களுக்குத் தெரிந்த சிக்கலான பெயரைச் சேர்ப்பார்கள். அண்மையில் சேர்ந்தது ‘ஸ்ரீ’. இதை ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், ‘ஶ’வை வைத்தும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விதமாகப் பதிந்த பெயரை இன்னொரு விதமாகத் தேடினால் ‘இல்லை’ என்று வரும். அதற்கு இன்னும் தீர்வு எழுதி முடிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.